மீசை வைத்த ராணியைப் போடிமெட்டுக்கு ஏற்றிப் போனது

1979 சித்திரை, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்கால் மணி, போடி ஜீப்பு ஸ்டாண்டு.

ஊர் ஊராகச் சுற்றியவர்கள் எழுதுவதைத்தான் பயணக் கட்டுரை என்பார்கள். நான் போனது மொத்தம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். போடியிலிருந்து போடிமெட்டுக்கு இருபத்தாறு, அங்கிருந்து பூப்பாறை ரோட்டில் இன்னும் ஆறு. இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். காசிக்குப் போனவர்கள்கூட ஒரே ஜீப்பில் இரண்டு ராஜாக்களோடு போயிருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

போன காரணம் என் மனைவி வீராயி. தை மாதமே அவள் கோபித்துக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்கு, ஏலத்தோட்ட எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணமான நாலு வருஷத்தில் நான் ஆறு வேலை பார்த்திருந்தேன். ஆறும் என் கேலியால் போனது. கடைசியாக ஏலக்காய்க் கடையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நடந்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். திடீரென்று சிரிப்பு நின்றது. திரும்பிப் பார்த்தால் முதலாளி.

வீராயி மலைக்கு ஏறும்போது சொன்னது இது: "ஒரே ஒரு சோலியவாச்சும் ஒழுங்கா முடிச்சுட்டு வா மச்சான். அப்புறம் கூப்புடு, வர்றேன்."

அந்த ஒரு சோலியை, போடிக்கு இறங்கி வந்திருந்த என் மாமனார் சடையாண்டிதான் கொடுத்தார். எஸ்டேட்டில் அவர் கங்காணி, நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவர். அம்மன் கோயில் திருவிழாவுக்கும் அவர்தான் தலைவர். "மாப்ளே, மதுரைக்குப் போயி நாடகத்துக்கு ஒரு ராஜா, ஒரு ராணி பேசிட்டு வாங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று சொல்லியனுப்பினார். பபூன் வேண்டாமா என்று கேட்டேன். "அதுக்குத்தான் நீங்க வர்றீகள்ல" என்றார்.

இசை நாடகம் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இது கம்பெனி கிடையாது. ராஜா ஓர் ஊர், ராணி ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி அச்சாரம் கொடுக்கவேண்டும். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. கதை எல்லாருக்கும் தெரியும். நாடகத்தன்று வந்து, மேடையில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு பாட்டிலேயே சண்டை.

மதுரையில் ஏஜெண்டு அறையின் சுவர் முழுக்க வேஷம் போட்ட படங்கள். கீழே பேர் எழுதியிருந்தது. எனக்கு அப்போது என் பேரையே படிக்கத் தெரியாது. அதை ஏஜெண்டிடம் சொல்ல வெட்கம். தலையைச் சாய்த்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு பேராகப் படிக்கிறவன் போல நடந்தேன். வாளோடு நின்ற ஒருவரைக் காட்டி, "இவரு" என்றேன். மஞ்சள் பட்டுச் சேலை, மூக்குத்தி, மோவாயில் ஒரு விரல், வலது கன்னத்தில் மச்சம். அந்தப் படத்தைக் காட்டி, "இவுக" என்றேன். ஏஜெண்டு கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ரெண்டு பேருமா?" "ரெண்டு பேருந்தான். பேரப் படிச்சுத்தான சொல்றேன்." அவர் எழுதிக்கொண்டார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரை பஸ்சிலிருந்து இரண்டு ஆண்கள் இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி. ஒருவர் முத்தையா, முப்பது வயதுக்குள், கிராப்பு. மற்றவர் சீனிச்சாமி. நாற்பத்தைந்து இருக்கும். நல்ல தொந்தி. மீசை இரண்டு பக்கமும் ஏறி நின்றது. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் போடி ஆட்கள், முன்னாடியே ஜீப்பில் ஏறித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ராணியைக் காணோம். அடுத்த பஸ்சும் வந்தது, போனது.

"ராணி எந்த பஸ்சுல வர்றாகண்ணே?" என்று சீனிச்சாமியிடம் கேட்டேன்.

"எந்த ராணி?"

"படத்துல பாத்தேண்ணே. மஞ்சப் பட்டு, மூக்குத்தி."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "மோவாயில வெரலு வச்சிருக்குமா?"

"ஆமாண்ணே!"

"வலது கன்னத்துல மச்சம்?"

"அதேதாண்ணே! ஒங்களுக்குத் தெரிஞ்சவுகளா?"

அவர் மெதுவாக வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். மச்சம் அங்கே இருந்தது. "பதிமூணு வருசத்துக்கு முன்னாடி எடுத்த படம் தம்பி. அப்ப நான் பொம்பளை வேசம் கட்டுனேன். இப்ப ராஜா. படத்துக்குக் கீழ அப்படித்தான எழுதியிருக்கு?"

ஜீப்பு டிரைவர் மொக்கச்சாமி ஸ்டியரிங்கில் விழுந்து சிரித்ததில் ஆரன் விடாமல் அடித்தது. தூங்கின மிருதங்கக்காரர் எழுந்துவிட்டார்.

"முன்பாதிக்கு ஒரு ராஜா, பின்பாதிக்கு ஒரு ராஜா, ராணிய நீங்க வேற எடத்துல பேசிட்டீகன்னுல்ல ஏஜெண்டு சொன்னாரு" என்றார் முத்தையா. அப்படிப் பேசுவதும் வழக்கம்தானாம்.  ராஜா இல்லாமல் போனால்கூட எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். ராணி இல்லாமல் எப்படி? வீராயி கேட்ட ஒரே ஒரு சோலி ஜீப்பு ஸ்டாண்டிலேயே முடிந்து போயிற்று.

மணி ஆறரை. ஆளுக்கு ஐந்து ரூபாய். ஆர்மோனியப் பெட்டிக்கும் ஐந்து ரூபாய் கேட்டார் மொக்கச்சாமி. "அது வாந்தி எடுக்காதுல்லண்ணே" என்றேன். "அப்ப ஒனக்குப் பத்து ரூவா அப்பு" என்றார்.

முந்தல் தாண்டி மலை தொடங்கியது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முன் சீட்டில் சீனிச்சாமி. நான் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டு, அவர் காதருகே கெஞ்சிக்கொண்டே வந்தேன். முதல் வளைவில், "அண்ணே, ஒரே ஒரு நாளு" என்றேன். "முடியாது." நாலாவது வளைவில் என் மனைவி கதையைச் சொன்னேன். "பாவந்தான். முடியாது." ஆறாவதில் நான் அழுதுகாட்டினேன். அவர் பக்கத்தில் இருந்த டிரைவர்தான், "நடிப்பு பத்தல அப்பு" என்றார்.

"சேலையக் கட்டிக்கிட்டு ஊரூரா நின்னவன் நான்" என்றார் சீனிச்சாமி. "டீக்கடைக்குப் போனாக்கூட இடுப்பத்தான் பாப்பாய்ங்க. அந்தச் சனியன் வேணாம்னுதான் மீசைய வச்சேன். இத எடுக்க மாட்டேன்."

எட்டரைக்குப் புலியூத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். கீழே போடி, தகரத்தை நறுக்கிப் போட்டதுபோல மினுக்கிக்கொண்டிருந்தது. முத்தையா பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்: "விடுங்க தம்பி. அண்ணனக் கட்டாயப்படுத்தாதீக. ராணிக்கு அஞ்சு கட்டையில பாடணும். அண்ணனுக்கு இப்ப எட்டாது."

சீனிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "என்ன எட்டாது?"

"வயசாயிருச்சுல்லண்ணே."

அவர் பள்ளத்தைப் பார்த்து நின்று, வாயைத் திறந்தார். அந்தத் தொந்திக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. மெல்லிசாகத் தொடங்கி மேலே மேலே ஏறி, எதிர்மலையில் பட்டு இரண்டாவது தரம் எங்களுக்கே திரும்பி வந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மொக்கச்சாமி ரேடியேட்டரை விட்டுவிட்டு என் காலில் ஊற்றினார். ஆர்மோனியக்காரர் பெட்டியைத் திறக்காமலே மூடிமேல் விரலால் தாளம் தட்டினார்.

"சேலைக்கு ஏற்பாடு பண்ணுங்க தம்பி" என்றார் சீனிச்சாமி. "மீசை மட்டும் இருக்கும்."

முத்தையா புகையை விட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஒன்பதேகால், போடிமெட்டு. குளிர் காதைக் கடித்தது. முப்பது பைசாவுக்குக் கட்டன் சாயா, பாலில்லாத டீ. கேரளா செக்போஸ்ட்டுக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு கிரீடம், இரண்டு மரவாள். "எந்தா இது?" என்றார். "ரெண்டு ராசா சாரே" என்றேன். "ராணி எவிடே?" சீனிச்சாமியைக் காட்டினேன். அவர் மீசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போ போ என்று கையைக் காட்டினார்.

பத்து மணி, எஸ்டேட்டு. இங்கே நாடகம் பகலில்தான். பொழுது சாய்ந்தால் ரோட்டுக்கு யானை வந்துவிடும், மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லாரும் வேலைக்கு நிற்கவும் வேண்டும். காய்ப்பு முடிந்து ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் காலியாக இருந்தது. தகரக் கூரை, பெரிய மரக்கதவுகள், ஒரு கோடியில் பலகை அடுக்கிய மேடை. ஸ்டோரில் ஒரு காய்கூடக் கிடையாது. ஆனால் சுவரெல்லாம் ஏல வாசம். உள்ளே நின்று மூச்சை இழுத்தால் பாயசம் குடித்த மாதிரி இருக்கும்.

மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "வாங்க மாப்ளே. ராணி எங்க?"

"வந்துக்கிட்டே இருக்காக மாமா" என்று சொல்லிவிட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, ஓடினேன்.

வீராயி வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறேன். என்ன சொல்லலாம் என்று பதினேழு வளைவிலும் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், "ஒன் கல்யாணச் சேலைய எடு" என்றேன்.

அவள் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. "என்னத்துக்கு?"

சொன்னேன். படத்துக்குக் கீழே இருந்த பேரைப் படித்தது போல நடித்ததையும் மறைக்காமல் சொன்னேன். கோபம் வரும் என்று ஓரமாக நின்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரித்ததற்காக என்மேல் கோபப்பட்டாள். "ஒரு ராணிய ஒழுங்காக் கொண்டாரத் தெரியல ஒனக்கு. எங்கப்பன் மானம் போகப் போகுது." சொல்லிக்கொண்டே டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அரக்குச் சிவப்புப் பட்டு. பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு அவளே போய், சீனிச்சாமிக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். பூ வைத்தார்கள். பொட்டு வைத்தார்கள். மீசையைப் பார்த்துவிட்டு ஒருத்தி, "இத என்னாத்தா செய்ய?" என்றாள். "சீவி விடு" என்றாள் வீராயி.

பதினொன்று இருபதுக்கு மணி அடித்தார்கள். இருநூறு பேராவது தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில், ஓடினால் வசதியாகக் கதவை ஒட்டி நின்றேன்.

கதை சுலபம். எந்த நாட்டிலும் தோற்காத ராஜா, யாருக்கும் தலைகுனியாத ராணி. இரண்டு பேரும் பாட்டிலே வாதம் செய்யவேண்டும். ராணி தோற்றால் ராஜாவோடு அவன் நாட்டுக்குப் போகவேண்டும். ராஜா தோற்றால் அவன் ராணி நாட்டிலேயே இருந்துவிட வேண்டும். கடைசியில் ராணி தோற்பாள். எப்போதும் அப்படித்தான்.

முத்தையா கிரீடத்தோடு வந்து பாடினார். கைதட்டல். பிறகு திரையை ஒதுக்கிக்கொண்டு ராணி வந்தாள்.

ஸ்டோர் அமைதியானது. முன்வரிசையில் ஒரு சின்னக் குழந்தை மட்டும், "அம்மா, மீசை!" என்றது. அவ்வளவுதான், கூரை பறந்தது. சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு. ஆள்மேல் ஆள் சாய்ந்தார்கள். மாமனார் முகம் கறுத்தது. கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

சீனிச்சாமி கலங்கவில்லை. சிரிப்பு முடியட்டும் என்று மோவாயில் விரல் வைத்து நின்றார். அந்தப் படத்தில் இருந்த அதே நிலை. பிறகு பாடினார். முதல் அடியில் பாதிப் பேர் சிரிப்பை நிறுத்தினார்கள். இரண்டாவது அடியில் மீதிப் பேர். மூன்றாவது பாட்டுக்குள் எனக்கே மீசை தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது அங்கேதான் இருந்தது, சீவி விட்டு எண்ணெய்கூடத் தடவியிருந்தார்கள். ஆனால் மேடையில் நின்றது ஒரு பெண்.

வாதம் தொடங்கியது. முத்தையா நெஞ்சை நிமிர்த்தினார்:

"ஏழு மலைக்கும் நானே ராசா – என்
எதிரில நின்னு பேசாதே லேசா!"

ஆர்மோனியம் நிற்பதற்குள் பதில் வந்தது:

"ஏழு மலைக்கும் நீயே ராசா – ஒரு
ஏத்தம் ஏற மூச்சு வாங்குது பேஷா!"

பெண்கள் பக்கம் எழுந்தே நின்றுவிட்டது. இந்த மலையில் சுமை தூக்கி ஏறுகிறவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு மணிக்கு மஞ்சு வந்தது. இங்கே பனிமூட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள். திறந்த கதவு வழியே நேராக உள்ளே நுழைந்து மேடை ஏறியது. முழங்கால்வரை ராஜா, அதற்குமேல் ராஜா இல்லை. கிரீடம் மட்டும் ஒரு தடவை மின்னியது. "ராசா எங்கய்யா?" என்று ஒருவர் கேட்டார். "இங்கதான் இருக்கேன், நீங்க எங்க இருக்கீக?" என்று மஞ்சுக்குள்ளிருந்து முத்தையா கேட்டார்.

பின்னாலேயே மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஆர்மோனியம் செத்தது. மைக்குக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஓடினார். நாடகம் நின்றுவிடும் என்று நினைத்தேன். சீனிச்சாமி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். நானும் கதவை விட்டு வந்தேன். மழைக்குக் கீழே, காதோடு பேசுகிறவள் மாதிரி பாடினார்:

"மஞ்சு வந்து வாசலை மூடும்
மனசு மட்டும் பாதையைத் தேடும்
அஞ்சு வளைவு தாண்டும் போதே – உன்
அடிச்சத்தம் கேட்காதோ…"

பக்கத்திலிருந்த ஆர்மோனியக்காரர் என்னிடம், "பழைய பாட்டு இல்லப்பா. இப்பக் கட்டுறாரு" என்றார். வீராயி இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு மழை விட்டது. கடைசி வாதம். முத்தையா விடுகதை போட்டார்: "கையில்லாமல் கட்டுவது எது? காலில்லாமல் நடப்பது எது?" இதற்குத்தான் ராணி பதில் தெரியாமல் தலைகுனிய வேண்டும். சீனிச்சாமி தலையைக் குனியப் போனார்.

"தோத்துராத ஆத்தா!"

கத்தியது வீராயி. உடனே பெண்கள் பக்கம் முழுக்க, "தோக்காத! தோக்காத!" என்று தரையைத் தட்டியது. ஆண்கள், "கதையக் கெடுக்காதீங்கடி" என்றார்கள். அதை யார் கேட்டார்கள்? சீனிச்சாமி பாதி குனிந்த தலையோடு அவர்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கையில்லாமல் கட்டுவது – கல்யாணத்தில் சொன்ன சொல்லு!
காலில்லாமல் நடப்பது – கங்காணி போட்ட சட்டம்!"

மாமனாரே சிரித்துவிட்டார். ராணி விடவில்லை. "ஏறும்போது கனக்காது, இறங்கும்போது கனக்கும். அது என்ன ராசா?" முத்தையா ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். அவர் கையை விரித்தார். ஒத்திகை பார்க்காத நாடகத்தில் யாரிடம் போய்க் கேட்பது? முத்தையா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, கிரீடத்தைக் கழற்றி ராணி காலடியில் வைத்தார். "நீயே சொல்லு தாயி."

"வெறுங்கை" என்றாள் ராணி.

விசில் சத்தத்தில் மற்றது எதுவும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அந்த ஒரு சொல் நன்றாகக் கேட்டது. அன்று சாயங்காலம் அப்படி இறங்கப் போகிறவன் அநேகமாக நான்தான்.

நாலரை மணி. ஜீப்பில் பெட்டிகளை ஏற்றினார்கள். மாமனார் இரண்டு ராஜாக்களுக்கும் மாலை போட்டார். "ராணி கேட்டா மீசையோட கொண்டாந்து எறக்கிட்டாரே எங்க மாப்ளை" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். திட்டா பெருமையா என்று புரியாததால் இரண்டுக்கும் பொதுவாகச் சிரித்துவைத்தேன்.

சீனிச்சாமி சேலையை மடித்து வீராயியிடம் கொடுத்தார். "பதிமூணு வருசமா இந்தக் கொரல உள்ளயே பூட்டி வச்சிருந்தேம்மா" என்றார். முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

நான் வீராயி பக்கம் போனேன். "சோலிய முடிச்சுட்டேன். கெளம்பு."

"ஒழுங்கா முடிக்கல. ஆனா முடிச்ச" என்றாள். "கெளம்பி எங்க போக?"

"நம்ம வீட்டுக்கு."

"கீழ ஒனக்கு என்ன சோலி இருக்கு மச்சான்? இங்க எனக்குக் கூலி இருக்கு. ஆவணியில ஸ்டோருக்கு ஆள் எடுக்கப் போறாக, அதுவரைக்கும் களையெடுப்பு. ராணி செயிச்சாச்சு. ராசாதான் இங்க இருக்கணும்."

"மாமனார் வீட்டோட கெடக்கான்னு போடியில சிரிப்பாய்ங்கடி."

"இப்ப மட்டும் அழுறாய்ங்களா?"

 வாதத்தில் தோற்றால் ராஜாவாவது கிரீடத்தைக் கழற்றி வைக்கலாம். என்னிடம் இருந்தது தோளில் ஒரு துண்டு. மொக்கச்சாமி ஆரன் அடித்தார். "வெரசா ஏறு அப்பு, யானை வந்துரும்." ஜீப்புக்குப் பின்னால் போய் என் மஞ்சப் பையை இறக்கிக்கொண்டேன். அவர் கண்ணாடியில் பார்த்தார், கியரைப் போட்டார். முத்தையாவும் சீனிச்சாமியும் இப்போதே அடுத்த வாதத்தைத் தொடங்கிவிட்டார்கள். வளைவு திரும்பியும் அந்தப் பெண் குரல் கொஞ்ச தூரம் கேட்டது.

திரும்பி வந்து சொந்த ஊரையும் போன ஊரையும் ஒப்பிட்டு இரண்டு வார்த்தை எழுதவேண்டும் என்பார்கள். போடியில் வெயில், இங்கே குளிர். போடியில் டீ இருபது பைசா, இங்கே முப்பது. போடியில் என்னைப் பார்த்தால் முதலாளிகள் கதவைச் சாத்துவார்கள், இங்கே எனக்கு இன்னும் முதலாளி யாரென்று தெரியாது. மற்றபடி ஒப்பிட முடியவில்லை, ஏனென்றால் நான் திரும்பவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். நானும் கடைசியில் நின்றேன், மாமனாரின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. கணக்கப்பிள்ளை நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இது யாரு, பேரு இல்லையே?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து நாலைந்து குரல் ஒன்றாகக் கேட்டது: "ராணி வீட்டுக்காரன்!"

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, "இருக்கேன் சாரே" என்றேன்.